மச்சத்தை யாரைக் கேட்டு அழித்தார்கள்?

கேள்வி: குடும்பமாகப் போய் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டோம். பேக்கேஜில் 'ரீடச்சிங் உட்பட' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. கைக்கு வந்த படத்தில் அம்மாவின் கன்னத்து மச்சத்தைக் காணோம், என் மூக்கு ஒல்லியாகிவிட்டது, எல்லோருமே வெளுத்துப்போய் இருக்கிறோம். கேட்டால் "எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம், யாரும் குறை சொன்னதில்லை" என்கிறார்கள். பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா? ஒரிஜினல் ஃபைலைக் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் பணத்தை நிறுத்துவதற்கு முன்னால் திருத்தித் தரச் சொல்லுங்கள். எந்தப் படத்தில் என்ன மாற வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், எழுத்தில் இருக்கட்டும். மச்சம் திரும்ப வர வேண்டும், மூக்கு பழையபடி இருக்க வேண்டும், நிறம் எடுத்தபோது இருந்த நிறம். ஒழுங்காகச் செய்யும் எடிட்டர் இதையெல்லாம் அசல் படத்தின் மேல் தனித்தனி லேயரில் (அடுக்கில்) தான் செய்திருப்பார், அதை அணைத்துவிட்டால் சில நிமிஷத்தில் வேலை முடிந்தது. முடியாது என்று சொன்னால் ஒரே ஃபில்டரை எல்லாப் படத்துக்கும் அப்படியே போட்டுத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது விலையைக் குறைக்கச் சொல்வதில் தப்பே இல்லை.

ரீடச் செய்கிறவர்கள் மத்தியில் ஒரு பழைய கணக்கு உண்டு: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுகிற எதையும் அழிக்கலாம், இரண்டு வருஷம் கழித்தும் முகத்தில் இருக்கப்போவதைக் கேட்காமல் தொடக்கூடாது. பரு, கொசுக்கடி, கலைந்த முடி, சட்டையில் ஒட்டிய நூல் எல்லாம் முதல் வகை. மச்சமும் தழும்பும் இரண்டாவது வகை. கருவளையமும் சுருக்கமும் நடுவில் நிற்கும், அதை அடியோடு துடைக்காமல் பாதியாகக் குறைத்தால் ஆள் நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருப்பார், வேறு ஆளாக மாட்டார்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் அக்காவுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு. ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது, அந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை, ஒரு அரிசி நீளத்துக்கு வெறும் தோல் தெரியும். ஒரு ஸ்டுடியோவில் அதை அழகாக முடி வரைந்து மூடிக் கொடுத்தார்கள். வேலை சுத்தம், குறை சொல்லவே முடியாது. ஆனால் அக்கா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தன் புருவத்தைத் தடவிப் பார்த்தாள், "இது அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்று கேட்டாள். அதுவரை அவள் அதை ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. கேட்காமல் அழிப்பது இதைத்தான் செய்யும்.

மூக்கு விஷயத்தில் ஸ்டுடியோக்காரர் "லென்ஸ் பெரிதாகக் காட்டியதைச் சரி செய்தோம்" என்று சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. கேமரா முகத்துக்கு மிக அருகில் இருந்தால் மூக்கு பெரிதாகத்தான் விழும். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 1.5 மீட்டரில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் குடும்பப் படத்தை யாரும் கை நீட்டும் தூரத்தில் நின்று எடுப்பதில்லை, அதனால் உங்கள் விஷயத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது. இன்னொன்றும் பாருங்கள். லிக்விஃபை என்ற, வடிவத்தை இழுத்து மாற்றும் எடிட்டிங் கருவியைப் போட்டு முகத்தையோ இடுப்பையோ இழுத்திருந்தால் பின்னால் இருக்கும் கதவு நிலை, சுவரின் கோடு லேசாக வளைந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

நிறத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை. வெளிச்சம் குறைவாக விழுந்ததைச் சரி செய்தால் படம் முழுக்க வெளுக்கும், சட்டையும் சுவரும் சேர்ந்தே. சட்டை அப்படியே இருந்து முகம் மட்டும் வெளுத்திருந்தால், காதும் கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நின்றால், அது வெளிச்சத் திருத்தம் இல்லை. உங்கள் நிறத்தைக் குறை என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள், அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஒரிஜினல் பற்றி: ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை, பெரும்பாலான போட்டோகிராபர்கள் தரமாட்டார்கள், ஒப்பந்தத்தில் இல்லையென்றால் தர வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. ரீடச் செய்யாத சாதாரண ஜேபெக் (JPEG) படத்தைக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. அடுத்த தடவை முன்பணம் கொடுக்கும்போதே 'மச்சம், தழும்பு, நிறம், உடல் வடிவம் எதையும் கேட்காமல் மாற்றக்கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அதே ஸ்டுடியோ படத்தை வெட்டி பாஸ்போர்ட்டுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அடையாளப் படத்தில் முகம் முகமாகவே இருக்க வேண்டும், அமெரிக்கா, பிரிட்டன் இரண்டின் பாஸ்போர்ட் விதிகளும் எடிட் செய்த படத்தை ஏற்பதில்லை. போனில் எடுப்பதாக இருந்தால் முகத்தைத் தானாக மெருகேற்றும் பியூட்டி மோட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்களில் முன் கேமராவில் அது நாம் கேட்காமலே ஆன் ஆகி இருக்கும்.

கேள்வி: விளம்பரத்தில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் கிரீம் வாங்கினேன். மூன்று மாதமாகப் போடுகிறேன், ஒன்றும் மாறவில்லை. அந்தப் படமே எடிட் செய்ததாக இருந்தால் அது ஏமாற்று இல்லையா?

பதில்: என்னைக் கேட்டால் ஏமாற்றுதான். குடும்பப் படத்தில் சருமத்தை மெருகேற்றுவது ரசனை, கிரீம் விளம்பரத்தில் சருமம்தான் சரக்கே. 2011ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு இரண்டு மேக்கப் விளம்பரங்களைத் தடை செய்தது இதே காரணத்துக்காகத்தான், முகத்தில் தெரிந்த பலன் பொருளால் வந்ததா எடிட்டால் வந்ததா என்று கம்பெனியால் காட்ட முடியவில்லை. பிரான்சில் 2017 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றினால் 'ரீடச் செய்த படம்' என்று போட வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல் சருமத்தை மாற்றினாலும் அறிவிக்க வேண்டும், காசு வாங்கிப் போடும் சமூக வலைத்தளப் பதிவுகளுக்கும் அது பொருந்தும். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் பொய் விளம்பரம் என்று நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுக்கலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், டப்பா மூன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் நேர்மாறு. என் படத்தில் தாடையைக் குறைத்து, வயதில் பத்தைக் கழித்துத் தரச் சொன்னேன். போட்டோகிராபர் மறுக்கிறார். என் முகம், என் காசு, அவருக்கென்ன?

பதில்: உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, அவர் வேண்டாம் என்றால் வேறு எடிட்டரைப் பாருங்கள். ஆனால் அந்தப் படம் எங்கே போகிறது? துணை தேடும் தளத்தில் போடுவதாக இருந்தால் மறுபக்கத்தில் ஒருவர் அதை நம்பி உங்களைச் சந்திக்க வருவார், முதல் பத்து நிமிஷம் அவர் படத்தையும் உங்களையும் ஒப்பிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். பருவை எடுங்கள், வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள், தாடையை விட்டுவிடுங்கள். அப்புறம், படத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்கள் முகத்தில் கை வைக்க அவர்களிடம்தான் கேட்க வேண்டும், காசு கொடுத்தது நீங்களாகவே இருந்தாலும்.