குளுக்கோஸை விடுங்கள், தண்ணீரைப் பிடியுங்கள்

கேள்வி: ஊட்டியில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். வீடு கோத்தகிரி பக்கம், அப்பா கேரட், பீட்ரூட் போடுகிறார். குளுட்1 புரதம் வழியாகக் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைவதைக் கணினியில் ஓட்டிக் காட்டுவதுதான் என் புராஜெக்ட். கையில் இருப்பது கேமிங் லேப்டாப். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். 100 நானோசெகண்ட் ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. லேப்டாப்பை மாற்றினாலும் போதாது.

இப்படி ஓட்டிக் காட்டும் மென்பொருள்கள் அணுக்கள் நகர்வதை ஒவ்வொரு அடியாகக் கணக்கிடுகின்றன. ஒரு அடிக்கு வழக்கமாக 2 ஃபெம்டோசெகண்ட் (ஒரு நானோசெகண்டில் பத்து லட்சம் ஃபெம்டோசெகண்ட்). அப்படியானால் 100 நானோசெகண்டுக்கு 5 கோடி அடிகள். அதை உங்கள் லேப்டாப் ஓட்டிவிடும். ஆனால் குளுட்1 ஒரு குளுக்கோஸை உள்ளே விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், அதாவது பத்து லட்சம் நானோசெகண்ட் ஆகும். நாளுக்கு 30 நானோசெகண்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மில்லிசெகண்டைத் தொட 90 வருடத்துக்கு மேல் வேண்டும்.

இதற்குக் காரணம் அந்தப் புரதம் வேலை செய்யும் விதம். அது வெளிப்பக்கம் திறந்து குளுக்கோஸை வாங்கும், மூடும், அப்புறம்தான் உள்பக்கம் திறக்கும். முழு உடலும் அசைந்து வடிவம் மாற வேண்டும். சிலர் குளுக்கோஸை விசை போட்டு இழுத்து மறுபக்கம் தள்ளிவிட்டு, 'கடத்தலைப் பார்த்தோம்' என்று எழுதிவிடுகிறார்கள். மூடியிருக்கும் கதவை உடைத்துக்கொண்டு போனதைத்தான் அவர்கள் பார்த்தது. வைவாவில் விவரம் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். என் யோசனை அக்வாபோரின். தண்ணீரை மட்டும் விடும் கால்வாய் இது. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இங்கே புரதம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உடலை அசைக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஒற்றை வரிசையில் நழுவிப் போகிறது. மனித அக்வாபோரின்1இல் 100 நானோசெகண்டுக்குள் ஒவ்வொரு துளையிலும் பத்துக்கணக்கில் கடப்பதை உங்கள் கண்ணாலேயே எண்ணலாம்.

உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நெருக்கமான ஒன்று வேண்டுமானால், பாலக் கீரையின் அக்வாபோரினை எடுங்கள். வயலில் தண்ணீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் குறையும், செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறும். அப்போது இந்தப் புரதத்தின் 193ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. செல்லின் உள்பக்கம் இருக்கும் வளையம் (புரதச் சங்கிலியின் வளைந்த துண்டு) ஒன்று வந்து துளையை மூடிவிடுகிறது. மூடிய வடிவம், புரத வடிவங்களைச் சேமித்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கில் 1இசட்98 என்ற எண்ணிலும், திறந்தது 2பி5எஃப் என்ற எண்ணிலும் இருக்கின்றன. இரண்டையும் ஓட்டி, கடக்கும் தண்ணீரை எண்ணி ஒப்பிடுங்கள். வளையம் திறந்து மூடுவதையே பார்த்துவிடலாம் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள், அது மறுபடியும் குளுக்கோஸ் கதைதான்.

சறுக்கும் இடமும் இந்த ஹிஸ்டிடின்தான். ஓட்டத்துக்கான கோப்புகளைத் தயாரித்துத் தரும் சார்ம்-கூய் தளத்தில், புரதத்தைச் சுற்றிச் செல் சவ்வைக் கட்டும்போது நீங்கள் சொல்லாவிட்டால் அது புரோட்டான் இல்லாத வடிவத்தையே வைத்துக்கொள்ளும். மூடிய அமைப்பில் 193ஐ மட்டும் ஹெச்எஸ்பி (HSP, புரோட்டான் ஏறிய ஹிஸ்டிடின்) என்று மாற்றுங்கள். ஓட்டம் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், அதனால் தவறவிட்டால் கடைசிவரை தெரியாது.

அக்வாபோரின் நான்கு நான்காகச் சேர்ந்தே சவ்வில் இருக்கும். ஓபிஎம் (OPM) என்ற இணையதளத்தில் சவ்வுக்குள் சரியாக நிறுத்திய கோப்பு கிடைக்கும், அதையே எடுங்கள். நான்கிலும் தனித்தனித் துளை, ஒரே ஓட்டத்தில் நான்கு கணக்கு என்பது லாபம். சவ்வின் கொழுப்புக்கு பிஓபிசி (POPC) என்ற வகையை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளைப் பார்த்து டிபிபிசி (DPPC) போட்டு 300 கெல்வினில் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) ஓட்டாதீர்கள். அது சுமார் 41 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கெட்டியாகிவிடும் கொழுப்பு.

100 நானோசெகண்டை ஒரே ஓட்டமாக ஓட்டுவதைவிட, அணுக்களின் தொடக்க வேகங்களை மாற்றி 50 வீதம் மூன்று முறை ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் வரும் எண் தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்ததும் மூடியதுமாக மொத்தம் 300 நானோசெகண்ட். மேலே சொன்ன நாளுக்கு 30 என்ற வேகத்தில் பத்து நாள் வேலை.

சரி, கரண்ட். ஜூன், ஜூலையில் கம்பி மேல் மரம் விழுந்தால் அன்றைக்குக் கரண்ட் கதை முடிந்தது. இந்த ஓட்டத்துக்கான மென்பொருளான க்ரோமாக்ஸ் தானாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைச் சேமித்து வைக்கும். மறுபடி தொடங்கும்போது -cpi என்ற தெரிவில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும், ஓட்டம் வீணாகாது. லேப்டாப் பேட்டரியை நம்பி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், சார்ஜர் போனதும் கிராபிக்ஸ் கார்டின் வேகம் சரிந்துவிடும். அதைவிட நிறுத்திவிட்டு, கரண்ட் வந்ததும் தொடருங்கள்.