நியூரான் அலையோடு சேர்ந்து துடிக்கிறதா? 0.20 என்ற எண்ணை நம்பும் முன்

கேள்வி: எலியின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளை மேற்பகுதியில்) நுண்மின்முனை வைத்துப் பதிவு செய்தேன். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான மூளையின் காமா மின்னலையோடு இரண்டு நியூரான்களை ஒப்பிட்டேன். 25 ஸ்பைக் (நியூரானின் மின்துடிப்பு) கிடைத்த முதல் நியூரானுக்கு ஃபேஸ் லாக்கிங் மதிப்பு (துடிப்பு அலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற 0 முதல் 1 வரையிலான அளவு) 0.20. 2,000 ஸ்பைக் கிடைத்த இரண்டாவதற்கு 0.08. முதலாவதுதான் அலைக்கு அதிகம் கட்டுப்பட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? அலைதான் நியூரானைத் துடிக்க வைக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: அப்படி எழுதாதீர்கள். உங்கள் கையிலுள்ள இரண்டு எண்களில் நம்பத்தக்கது 0.08தான்.

ஒவ்வொரு ஸ்பைக்கும் அலையின் எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்; முகடு, பள்ளம் போன்ற நிலை) விழுந்ததோ, அந்தத் திசையில் வட்டத்துக்குள் ஓர் அம்பு வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அம்புகளின் சராசரியின் நீளமே நீங்கள் கணக்கிட்ட மதிப்பு. அம்புகள் சிலவே இருந்தால் அவை ஒன்றையொன்று முழுதாக அடித்துக்கொள்வதில்லை, மிச்சம் நின்றுவிடும். அலைக்கும் ஸ்பைக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், சராசரியாக 0.89-ஐ ஸ்பைக் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு மதிப்பு வரும். 25 ஸ்பைக்குக்கு அது 0.18; 2,000 ஸ்பைக்குக்கு 0.02. உங்கள் 0.20 ஏறக்குறைய வெறும் மிச்சம். 0.08 மிச்சத்தைப் போல நான்கு மடங்கு.

இந்தச் சாய்வை நீக்க ஃபேஸ் லாக்கிங் மதிப்பை வர்க்கப்படுத்தி, ஸ்பைக் எண்ணிக்கையால் பெருக்கி, 1-ஐக் கழித்து, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் போதும். முதல் நியூரானுக்கு 25 × 0.04 = 1; அதில் 1 போனால் பூஜ்யம். இரண்டாவதற்கு 11.8-ஐ 1,999-ஆல் வகுக்க, சுமார் 0.006. சின்ன எண்தான், ஆனால் உறுதியானது. அம்புகள் ஒரே பக்கம் குவிவது தற்செயலா என்று பார்க்கும் ரேலீ சோதனையில் முதலாவது தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். இரண்டாவதற்குப் பத்து லட்சத்தில் மூன்று. ஓர் எச்சரிக்கை: ஸ்பைக்குகள் ஒன்றையொன்று சாராதவை என்று ரேலீ சோதனை எடுத்துக்கொள்கிறது. நியூரான் கொத்துக் கொத்தாகத் துடித்தால், ஒவ்வொரு கொத்திலும் முதல் ஸ்பைக்கை மட்டும் வைத்து மறுபடி கணக்கிடுங்கள்.

அடுத்தது, இதைவிடப் பெரிய கண்ணி. அலையையும் ஸ்பைக்கையும் ஒரே மின்முனையிலிருந்து எடுத்தீர்களா? ஸ்பைக் சுமார் 1 மில்லிவினாடிதான் நீடிக்கும். என்றாலும் அதற்குப் பின்வரும் மெதுவான வால், கீழ்நிலை அதிர்வெண்களிலும் கசியும். 300 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டி நீக்கினாலும் அந்தக் கசிவு முழுதாகப் போகாது. அப்போது ஒவ்வொரு ஸ்பைக்கும் தன் சொந்த அலைத்துண்டைத் தானே கொண்டுவந்து, அதனோடு தானே பூட்டிக்கொள்கிறது. ஸ்பைக்கை ஒரு மின்முனையிலும் அலையை 200 முதல் 400 மைக்ரோமீட்டர் தள்ளிய இன்னொன்றிலும் எடுத்துப் பாருங்கள். உண்மையான காமாவில் பூட்டின் அளவு ஏதோ ஓர் அதிர்வெண்ணில் மேடு கட்டி இருபுறமும் இறங்கும். கசிவாக இருந்தால் அதிர்வெண் கூடக்கூட ஏறிக்கொண்டே போகும். விருப்பக் கட்டமும் (ஸ்பைக்குகள் அதிகம் விழும் கட்டம்) எப்போதும் பள்ளத்திலேயே நிற்கும். இந்த வரைபடத்தைப் போடாமல் காமா பூட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது உங்கள் பட்டையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த மின்சார இரைச்சலின் மேல் ஏறி, ஸ்பைக் என்று எண்ணுவதற்கான குறைந்தபட்ச அளவைக் கடந்தவையும் பட்டியலில் சேர்ந்திருந்தால், நியூரான் 50 ஹெர்ட்ஸோடு பூட்டியது போலத் தெரியும். அதிர்வெண் நிறமாலையில் 50, 100, 150-இல் ஊசிபோன்ற கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூளையின் காமா அவ்வளவு ஒல்லியாக வராது. 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டி போட்டால் அக்கம்பக்கத்துக் கட்டங்களும் கோணும். தரையிணைப்பையும் வெளி மின்புலத்தைத் தடுக்கும் ஃபாரடே கூண்டையும் சரிசெய்வதுதான் மருந்து.

30 முதல் 80 என்ற பட்டையும் மிக அகலம். அவ்வளவு அகலத்தில் ‘கட்டம்’ என்ற சொல்லுக்கே பொருள் மங்கிவிடும். மேட்டைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி 15 முதல் 20 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியை முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டினால் அது தரும் தாமதம் நீங்கும். பெருக்கியில் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி இருந்தால் 4 ஹெர்ட்ஸில் 14 பாகை நகர்வு வரும், 40 ஹெர்ட்ஸில் 1.4 பாகைதான், காமாவுக்குக் கவலையில்லை, மெதுவான டெல்டா அலைக்கு உண்டு. ஒரே அலை புறணியின் மேலடுக்கில் பள்ளமாகவும் ஆழடுக்கில் முகடாகவும் தெரியலாம் என்பதால், அடுக்கையும் ரெஃபரன்ஸ் (ஒப்பீட்டு) மின்முனையின் இடத்தையும் சொல்லாமல் ‘பள்ளத்தில் துடிக்கிறது’ என்று எழுதுவதில் பயனில்லை.

பதிவில் தூக்கமும் விழிப்பும் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழான அலையில், ஒரு பாதியில் புறணி நியூரான்கள் ஏறத்தாழ மொத்தமாக அடங்கிவிடும். மறுபாதியில் சேர்ந்து துடிக்கும். அந்தப் பூட்டு கண்ணுக்கே தெரியும். அது காமாவின் கணக்கிலும் கைவைக்கும்.

அலைதான் நியூரானைத் துடிக்க வைக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. நாம் அளக்கும் அலை, ஆயிரக்கணக்கான நியூரான்களின் சினாப்ஸ்களில் (நியூரான்கள் இணையும் இடங்களில்) ஓடும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை. காமாவில் பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட கூடை அணுக்கள் (மற்ற நியூரான்களை அடக்கும் ஒரு வகை நரம்பணுக்கள்) சுற்றியுள்ள பிரமிடு நியூரான்களை ஒரே நேரத்தில் அடக்குகின்றன. அடக்கம் தேய்ந்ததும் பிரமிடு நியூரான்கள் துடித்துக் கூடை அணுக்களை மறுபடி எழுப்புகின்றன. 2009-இல் ஜெசிகா கார்டின் குழுவினர் எலியின் மீசை உணர்வுப் புறணியில் இந்தக் கூடை அணுக்களை ஒளியால் 40 ஹெர்ட்ஸில் தூண்டியபோது காமா வலுத்தது. ஆக, அலையும் ஸ்பைக்கும் ஒரே சுற்றின் இரண்டு வெளிப்பாடுகள்.

ஆனாலும் அலை ஸ்பைக்கின் மேல் காட்டும் விளைவு பூஜ்யமில்லை. 2011-இல் அனஸ்தாசியூவும் உடனிருந்தோரும் எலி மூளைத் துண்டுகளில், மில்லிமீட்டருக்கு 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவான வெளி மின்புலமே ஸ்பைக் நேரங்களை நகர்த்துவதைக் காட்டினார்கள். அந்தப் புலம் நியூரான் சவ்வின் மின்னழுத்தத்தை ஒரு மில்லிவோல்ட்டின் சிறு பங்கு அளவே மாற்றும். ஓய்விலிருக்கும் நியூரானைத் துடிக்க வைக்க 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். எனவே துடிக்கும் விளிம்பில் நிற்கும் நியூரானின் நேரத்தைத்தான் அது சற்றே முன்பின் தள்ள முடியும்.

பக்கத்து மின்முனைச் சோதனையில் 0.08 தாக்குப்பிடித்தால் ஆய்வேட்டில் இப்படி எழுதுங்கள்: “இரண்டாவது நியூரானின் ஸ்பைக்குகள் அருகிலுள்ள காமா அலையோடு வலுக்குறைந்த, ஆனால் நம்பத்தக்க கட்ட ஒழுங்கைக் காட்டின, முதல் நியூரானில் முடிவு சொல்லப் போதிய ஸ்பைக்குகள் இல்லை.”