குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் ஒரு சமன்பாடு

ஐயா, வணக்கம்.

எனக்கு ஊர் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். எம்.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். சூழலியலையும் பரிணாமத்தையும் கணித மாடல்களால் ஆராயும் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் சொன்னதும் சித்தப்பா, "காட்டுக்கும் போகமாட்டான், லேபுக்கும் போகமாட்டான், உட்கார்ந்த இடத்திலேயே புலியை எண்ணுவானாம்" என்று சிரித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி). மாவுப்பூச்சி வந்த வருஷம் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பூச்சிக்கே ஒரு மாடல் போட்டு விவசாயிகளுக்கு உதவ வேண்டும் என்று ஆசை. ஆனால் சித்தப்பா சொன்னது உறுத்துகிறது. சோதனையே செய்யாத இது அறிவியல்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

சித்தப்பா சொன்னதைப் படித்து நானும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது உறுத்துகிறது.

உங்கள் வீட்டுக் குச்சிக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். அரூர் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் அந்தப் பூச்சியை நானும் பார்த்திருக்கிறேன். கணு நெருங்கி, குருத்து இலை கொத்தாகச் சுருண்டுகிடந்தது. பிரித்தால் உள்ளே மாவு அப்பினாற்போல அடை அடையாகப் பூச்சி. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 2020இல் திருச்சூரில் தென்பட்டு, சீக்கிரமே நம் பக்கமும் வந்துவிட்டது. இதில் ஆணே கிடையாது, அத்தனையும் பெண். உங்கள் பாடத்தின் பரிணாமப் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆணைப் பெறாத இனம், மற்றதெல்லாம் சமமென்றால், இரண்டு மடங்கு வேகத்தில் பெருகும். அப்படியானால் உலகத்தில் ஆண் என்று ஒன்று எதற்கு? விமானப் பொறியாளராக இருந்து உயிரியலுக்கு வந்த ஜான் மேனார்டு ஸ்மித் 1970களில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். இதுதான் விடை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்று இன்னும் இல்லை. (சித்தப்பாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.)

சரி, பூச்சிக்கு வருவோம். மருந்தடித்து மாளாத அதற்கு அனகைரஸ் லோபசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் சேலத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எறும்பை விடச் சின்னது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்தே தின்று, பூச்சியைப் பழுப்பு நிறக் கூடாக்கி, ஓட்டை போட்டு வெளியே வரும். ஆப்பிரிக்காவில் இதே குளவியை 1981இலேயே நைஜீரியாவில் விட்டுவிட்டார்கள்.

இந்த மாதிரிக் குளவிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை ஆஸ்திரேலியாவில் நிகல்சன் என்ற பூச்சியியலாளரும் பெய்லி என்ற இயற்பியலாளரும் 1935லேயே சமன்பாடாக எழுதிவிட்டார்கள். இரண்டே வரிதான். குளவி கண்ணில் படாமல் தப்பிய பூச்சி பெருகும், மாட்டிய பூச்சி அடுத்த தலைமுறைக் குளவியாகும். உங்கள் கடிதம் வந்த அன்று கால்குலேட்டரை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். 24 பூச்சி, 12 குளவி. பூச்சி தலைமுறைக்கு இரண்டு மடங்கு பெருகும், குளவியின் தேடும் திறன் (தோட்டத்தில் ஒரு குளவி தேடி முடிக்கும் பங்கு) 0.068. முதலில் இரண்டும் மெதுவாக இறங்கி ஏறின. எட்டாம் தலைமுறையில் பூச்சி 39ஐத் தொட்டது. பின்னாலேயே குளவி 24 ஆக, பதினோராம் தலைமுறையில் பூச்சி ஐந்துக்கும் கீழே போய்விட்டது. மேலே போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு அலையும் முந்தையதைவிடப் பெரிசாகும். கடைசியில் பூச்சி ஒழியும், தின்ன ஆள் இல்லாமல் குளவியும் ஒழியும்.

ஆனால் ஆப்பிரிக்காவில் அப்படி நடக்கவில்லை. குளவியும் இருக்கிறது, பூச்சியும் கொஞ்சம்போல இருந்துகொண்டே இருக்கிறது. அப்போ கணக்கு தப்பா? கூட்டல் பெருக்கலில் தப்பில்லை. குளவி தோட்டம் முழுக்க ஒரே சீராகத் தேடும் என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் இடறியிருக்கிறது. நிஜத்தில் ஒரு செடியில் பூச்சி அப்பிக் கிடக்கும், பக்கத்துச் செடியில் நாலே நாலு இருக்கும். பூச்சி கூட்டமாக இருக்கும் இடத்திலேயே குளவி மொய்த்தால் அந்த நாலும் பிழைத்துக்கொள்ளும். இந்தச் சீரின்மையைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து பிழைக்க முடியும் என்று சூழலியலாளர்கள் ஹாஸலும் ராபர்ட் மேயும் 1973இல் காட்டினார்கள். நீங்கள் கேட்ட சோதனை இதுதான் தம்பி. கணக்கு முறிகிறவரை, எதை விட்டோம் என்றே நமக்குத் தெரிவதில்லை.

சித்தப்பாவுக்கு இன்னொரு தகவல். சூழலியலாளர் மாதவ் காட்கில் 1969இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியது கணித சூழலியலில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவர் நடந்த நடை நாடறிந்தது. 1983இல் அவர் தொடங்கிய சூழலியல் மையம், நீங்கள் ஓசூர் பஸ் பிடித்தால் எட்டிவிடும் தூரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. விவசாயிக்கு உதவப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள். அந்தக் குளவியைத் தேடிப் பிடித்தவர்கள் பராகுவேயில் செடி செடியாகக் குனிந்து பார்த்தவர்கள். உங்கள் ஆய்வேடு அஞ்சாறு வருஷம் கழித்து வரும், அதை நாற்பது பேர் படிப்பார்கள். அதற்குள் அப்பா ஐந்து போகம் கிழங்கு பிடுங்கியிருப்பார். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் போகிறேன் என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

பணம், வேலை: நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. முடித்த பிறகு இந்தத் துறையில் பேராசிரியர் இடங்கள் குறைவு. ஆனால் நிரல் எழுதவும் புள்ளியியலும் கைவந்துவிட்டால் நோய்ப் பரவல் கணிப்பு மாதிரி வேறு வாசல்கள் உண்டு. சேருமுன் வழிகாட்டியின் பழைய மாணவர் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். இதைச் செய்யாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போங்கள். ஒரு நோட்டும் லென்சும் போதும். முப்பது செடியில் குருத்தைப் பிரித்து, உயிருள்ள பூச்சி எத்தனை, ஓட்டை விழுந்த பழுப்புக் கூடு எத்தனை என்று எண்ணுங்கள். செடிக்குச் செடி தனித்தனியாக எழுதுங்கள், சராசரி போட்டுவிடாதீர்கள். முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.