விடுமுறை வேதாகமப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு அட்டையில் என்ன கைவேலை சொல்லிக்கொடுக்கலாம்?

மே மாதம் நடக்கும் வகுப்புக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, செலவில்லாத கைவேலை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டும் கதையும் மனப்பாட வசனமும் முடிந்தபின் மிஞ்சும் அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் சபையில் பல ஆண்டுகளாக இந்த வகுப்பை எடுத்து வருகிறேன். நான் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது நோவாவின் பேழையைத்தான்.

ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பேழையின் அளவு 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்றிருக்கிறது. பத்து முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகளின் பையிலிருக்கும் பெரிய ஸ்கேலின் நீளமே பேழையின் நீளமாகிவிடும். 36 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அட்டையில், நான்கு ஓரங்களிலிருந்தும் 3 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, மூலைச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை மட்டும் வெட்டி, மடக்கி ஒட்டினால் பேழையின் உடல் தயார். மூன்று தட்டுகள் என்று வேதத்தில் இருப்பதால், வெளிப்பக்கத்தில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் இழுக்கச் சொல்வேன். படங்களில் வரும் குட்டையான தோணியைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், இது இவ்வளவு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறதே என்று வியந்து கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தபின் கதை அவர்களுக்கு மறப்பதில்லை.

துணிக்கடைப் பெட்டியின் மெல்லிய அட்டையே சிறுவர் கைக்கு ஏற்றது. மடிக்க வேண்டிய கோட்டின்மேல் மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். மளிகைக் கடை அட்டைப்பெட்டிதான் கிடைக்கிறது என்றால், உள்ளே ஓடும் நெளிவு நீளவாக்கில் வரும்படி வெட்டுங்கள். நெளிவுக்குக் குறுக்கே மடித்தால் அட்டை கண்ட இடத்தில் ஒடியும். ஒட்டுவதற்குக் காய்ச்சிய மைதாப் பசை போதும், ஆனால் புத்தகம் கட்டுகிறவர்கள் போல அதில் மயில்துத்தம் கலக்கவே கூடாது, அது விஷம். பசை காயும்வரை துணி கிளிப் போட்டு வையுங்கள். கட்டர் பிளேடு பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

கைவேலையில் நேரத்தை வீணாக்காமல் இன்னும் இரண்டு வசனம் சொல்லிக்கொடுக்கலாமே என்று சிலர் இங்கே எழுதக்கூடும். வசனத்தை நான் குறைக்கச் சொல்லவில்லை. கோடு போட்டுக்கொண்டே அந்த அதிகாரத்தைப் பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கிறார்கள்.

என் மனத்தாங்கல் வேறு. ஓர் ஆண்டு நிறைவு நாள் கண்காட்சியில், வீட்டுப் பெரியவர்கள் தெர்மாகோலில் செய்து சிறு விளக்குகள் பொருத்தி அனுப்பிய பேழைக்கு முதற்பரிசு கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சற்றுக் கோணலான தன் பேழையை நடுவரிடம் நீட்டி, "இதுல கதவு திறக்கும், பாருங்க ஐயா" என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கதவை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கம் அறுந்துவிடாமல் மடக்கக் கற்றுக்கொள்ள அவன் மற்றவர்கள் விளையாடப் போன பிறகும் உட்கார்ந்திருந்தான். பரிசு அவசியம் என்று உங்கள் கமிட்டி சொன்னால், வகுப்பறைக்குள் பிள்ளையே செய்ததை மட்டும் மேசையில் வைக்க வேண்டும் என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.