கேளுங்கள், சொல்கிறேன்: வாவியைப் பார்த்து ரசிப்பது சுயநலமா?

கேள்வி: 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றோம், ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார், 2024 இல் இரண்டு தேர்தலிலும் வாக்குப் போட்டோம். 1979 இல் 'தற்காலிகம்' என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்தத் தேர்தல்களுக்குப் பிறகும் ஆள் பிடித்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் படத்தோடு மாமி இன்னும் வீதியில் நிற்கிறா. வேலைக்குப் போகும்போது மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் கொஞ்சம் நின்று வாவியைப் பார்த்தால் மனம் லேசாகிறது, உடனே மாமியின் முகம் வந்து நிற்கிறது. இது சுயநலமா?
(பெயர் வேண்டாம், ஆரையம்பதி)

பதில்: இல்லை தங்கச்சி. அதற்காக 'ரசியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாவியைப் பார்த்து எந்தச் சட்டமும் நீங்கியதில்லை.

உங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலையே பாருங்களேன். வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும், கடைசியில் குளுத்தி. அரசன் பிழையாகத் தீர்ப்புச் சொல்லிப் புருஷனைக் கொன்றதற்காக மதுரையையே எரித்தவ அவ. அந்தக் கோபத்தை ஊரே கூடிப் பாட்டும் தண்ணீரும் வேப்பிலையுமாகக் குளிர வைக்கிறது, ஆனால் குளிர்ந்த பிறகு பாண்டியன் செய்தது சரி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அடுத்த வைகாசியில் அவ கதையைச் சொல்லும் வழக்குரைப் பாட்டை மறுபடி முதலில் இருந்து படிப்பார்கள்.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கினார்களே, அங்கே ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வெளியார் வந்து பயிர் செய்வது, மாடுகளை வெட்டுவது, மேய்ச்சல் தரை என்று அரச வர்த்தமானியில் போட வேண்டும் என்பது எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் அவருடைய ஒரு பசுவைப் பற்றித்தான்: நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும், எவ்வளவு தூரத்தில் மேய்ந்தாலும் இவர் குரல் கேட்டால் தலையைத் தூக்குமாம். சொல்லும்போது மனிசன் சிரிக்கிறார், பந்தலுக்குள் இருந்துகொண்டே! அந்தப் பசு நிம்மதியாக மேயத்தானே அவர் அங்கே இருந்தார். அதைப் பற்றிச் சிரித்துப் பேசியதற்காக அவரை யாரும் சுயநலக்காரர் என்று சொல்லவில்லை.

ஆகவே பாலத்தில் நில்லுங்கள், அந்த நேரம் மட்டும் ஃபோன் பைக்குள்ளேயே இருக்கட்டும். (செய்தியை இரவில் ஒரு தடவை பார்த்தால் போதும், நாடு எங்கேயும் போய்விடாது.) அப்புறம் ஒரு நாள் பின்னேரம் மாமியையும் கூட்டிப் போங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம், கடலை வாங்கிக் கொடுங்கள், போதும். அவ வரமாட்டா என்று நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று சொல்கிறார்கள். பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றும் ஒன்றும் கேட்கவில்லையே?
(ஒரு வாசகர், கல்முனை)

பதில்: பாலத்துக்கு மேலே நின்றால் மோட்டார் சைக்கிள்தான் பாடும். காற்றில்லாத பூரணை இரவில் தோணியில் போக வேண்டும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்துக் கேட்பது இங்கே பழைய வழக்கம். யுத்த காலத்தில் இரவில் வாவிப் பக்கம் போக முடியுமா? அதனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பலரே இன்னும் கேட்டதில்லை. தோணிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், கூலியையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.