மழைக்கால ஞாயிறு விருந்து: சட்டி வேகட்டும், நீங்கள் உட்காருங்கள்

கேள்வி: பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வீட்டில் நான், கணவர், இடைநிலைப்பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். வாரம் முழுக்க ஆளுக்கொரு நேரத்தில்தான் சாப்பாடு. மழைக்காலம் வந்துவிட்டது. ஞாயிறு இரவாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, சூடாக, வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆட்டுத்தொடைக் கறி ஒன்றரை மணி நேரம் வெந்தும் ரப்பராக இருக்கிறது. பிரஷர் குக்கரில் போட்டால் நார் நாராகிவிடுகிறது. மாமனாருக்குப் பல்செட். ஆசைப்பட்டு வாங்கிய ஸ்லோ குக்கரில் வைத்த கறி தண்ணீராக வந்தது. "அரைத்து வைக்காத கறி அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். முதல் நாள் இரவே சமைத்து அடுப்பிலேயே வைத்துவிடலாமா? புரட்டாசியில் சைவம் வேறு. எல்லாம் முடித்து உட்காரும்போது எனக்குச் சாப்பிடவே தெம்பு இருப்பதில்லை. வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கறி வேகாததைவிட உங்கள் கடைசிக் குறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சமைத்தவருக்கே சாப்பிடத் தெம்பில்லாத விருந்து என்ன விருந்து? அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஞாயிறு விருந்தை ஞாயிற்றுக்கிழமை சமைக்காதீர்கள். சனிக்கிழமை மாலையே கறியை வைத்து இறக்கிவிடுங்கள். மறுநாள் சூடு பண்ணுவது, சோறு வடிப்பது, ஒரு ரசம், ஒரு பச்சடி. அவ்வளவுதான். நிதானமாக வேகிற ஆட்டுக்கறி ஒரு இரவு இருந்தால் ருசி கூடுமே தவிரக் குறையாது. குளிரில் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும். கரண்டியால் அதை வழித்தெடுத்துவிட்டால் வயதானவர்களுக்கும் வயிறு கனக்காது.

இனி கறி ஏன் ரப்பராகிறது என்று பார்ப்போம். நீங்கள் வாங்கும் தொடைக்கறி பார்க்க அழகாக, சவ்வு இல்லாமல் இருக்கும். நிதானச் சமையலுக்கு அதுதான் ஆகாது. கடையில் முன்னங்கால், கழுத்து, தோள்பட்டை கேளுங்கள். எலும்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆடு நாள் முழுக்க உழைக்கும் இடங்கள் அவை, அதனால் அங்கே சவ்வும் நாரும் அதிகம். அந்தச் சவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். சுமார் 70 டிகிரிக்கு மேல் நீர்ச்சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்பு உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, அது இதனால்தான். தொடைக்கறியில் கரைவதற்குச் சவ்வு குறைவு. கொதிக்கக் கொதிக்கத் தசை மட்டும் இறுகி, தன் சாற்றை வெளியே தள்ளிவிடும். ஒன்றரை மணி நேரம் என்பது இரண்டும் கெட்டான் நேரம். தசை இறுகி முடிந்திருக்கும், இருக்கிற கொஞ்சம் சவ்வும் பாதிதான் கரைந்திருக்கும்.

பிரஷர் குக்கரை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே சூடு 120 டிகிரி வரை போவதால் சவ்வு சீக்கிரம் கரையும். ஆனால் அந்தச் சூட்டில் தொடைக்கறி வறண்டு நாராகத்தான் செய்யும். அவசர நாளில் முன்னங்கால் கறியைப் போட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 25 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை தொடாமல் விடுங்கள். விசிலைத் தூக்கி ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே குழம்பு படபடவென்று கொதித்து கறி கெட்டிப்படும்.

ஆஸ்திரேலிய உறைந்த ஆட்டிறைச்சியா, உள்ளூர் வெள்ளாடா என்பது உங்கள் கைப்பணத்தைப் பொறுத்தது. உறைந்ததில் முன்னங்கால் வாங்கினால் ஆறு பேருக்கு எலும்போடு ஒன்றரைக் கிலோ போதும். வெள்ளிக்கிழமை இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வேலை முடிந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைக்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் வெளிப்பக்கம் கெடத் தொடங்கும்போது உள்ளே இன்னும் ஐஸாகவே இருக்கும்.

சரி, சமையல். அடி கனமான சட்டியில் ஐந்து கரண்டி எண்ணெய். பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஒரு அன்னாசிப்பூ, கறிவேப்பிலை. கால் கிலோ சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த ருசி வராது. பிறகு இஞ்சி பூண்டு விழுது இரண்டு கரண்டி. ஆட்டுக்கறித்தூள் ஐந்து கரண்டியை வெந்நீரில் கெட்டியாகக் குழைத்து ஊற்றிக் கிளறுங்கள். வெறும் தூளைப் போட்டால் சட்டியில் தீய்ந்துவிடும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, பச்சை வாசனை போனதும் கறியையும் உப்பையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிரட்டுங்கள். கறி தன் தண்ணீரை விட்ட பிறகு, மூழ்கும் அளவுக்கு வெந்நீர். ஒரு கொதி வந்ததும் மூடி, தீயை அணையாத அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? மூடியைத் திறந்தால் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் வர வேண்டும். நம் கேஸ் அடுப்புகளில் சிறு தீ என்பதே சிலசமயம் பெரிதாக இருக்கும். அப்படியானால் பழைய தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன்மேல் சட்டியை வையுங்கள். பிரியாணிக்குத் தம் போட நம் வீடுகளில் செய்யும் வேலைதான். இரண்டரை மணி நேரம் போகட்டும். நடுவில் இரண்டு தடவை அடி பிடிக்காமல் கிளறினால் போதும். இரண்டு மணி நேரம் ஆனதும் உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாகப் போடுங்கள். கரண்டியால் அழுத்தினால் கறி எலும்பைவிட்டுக் கழல வேண்டும். பல்செட் போட்டவருக்கு அந்தப் பதம்தான் சரி. தேங்காய்ப் பால் ஊற்றுவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம். ஞாயிறு சூடு பண்ணிய பிறகு, தீயைக் குறைத்து, கடைசி ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: இரவு முழுக்க அடுப்பில் வைக்கலாமா? கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராத்திரி ஒரு கொதி, காலையில் ஒரு கொதி என்று பாட்டிமார் வைத்திருந்தது உண்மைதான், வீட்டில் ஐஸ் பெட்டி இல்லாத காலம் அது. கறிக்குழம்பில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சட்டி மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அப்புறம் குழம்பு கெட்ட வாசனை வராமலே வயிற்றைக் கெடுக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு அதிக நேரம் நிற்கக்கூடாது. பெரிய சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்தாலும் குழம்பின் நடுப்பகுதி விடியும்வரை ஆறாது. இறக்கியதும் இரண்டு மூன்று தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அகலத் தொட்டியில் ஐஸ் தண்ணீர் வைத்து அதில் நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மிஞ்சிய சோற்றுக்கும் இதே கணக்கு. மறுநாள் ஆவி பறக்கக் கொதித்த பிறகே பரிமாறுங்கள்.

ஸ்லோ குக்கரை மூலையில் போட்டுவிடாதீர்கள். அதன்மேல் தப்பில்லை. அடுப்புச் சட்டியில் தண்ணீர் ஆவியாகப் போகும். ஸ்லோ குக்கரில் மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே விழும். அதனால் நீங்கள் வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதிகூட வேண்டாம். வெங்காயம், மசாலா, கறி எல்லாவற்றையும் முதலில் சட்டியில் வதக்கி எண்ணெய் பிரிந்த பிறகே உள்ளே போட வேண்டும். பச்சையாகப் போட்டால் எட்டு மணி நேரம் கழித்தும் மசாலா பச்சையாகவே நாறும். கிழங்கு அடியில், கறி மேலே. சிறு சூட்டில் எட்டு மணி நேரம், பெரிய சூட்டில் நாலு மணி நேரம். மூடியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், சூடு இறங்கிவிடும். உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ராஜ்மா என்கிற சிவப்பு கிட்னி பீன்ஸை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடக்கூடாது. அதிலுள்ள நச்சு சிறு சூட்டில் அழியாது, வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் எந்தச் சமையலுக்கும்.

புரட்டாசி உங்களுக்குத் தடையே இல்லை. செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை வரும் அந்த மாதத்தில்தான் பினாங்கில் மழையும் நன்றாகப் பிடிக்கும். நிதானமாக வேகவைத்தால் மணக்கும் சைவச் சாப்பாடு எத்தனை இருக்கிறது! டால்ச்சா என்கிற பருப்புக் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாசி கண்டார் கடைகளில் ஆட்டெலும்போடு வைப்பார்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவம் நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. எலும்பில்லாமல் கத்தரிக்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட் போட்டு வையுங்கள், குறைவாகவே இருக்காது. கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் பாதிப் பாதியாக நன்றாகக் குழைந்த பிறகே புளி ஊற்ற வேண்டும். முதலிலேயே புளியோ தக்காளியோ சேர்த்தால் பருப்பு எவ்வளவு நேரம் போனாலும் விறைப்பாக நிற்கும். புளிப்பு காயையும் பருப்பையும் வேகவிடாது. சேனைக்கிழங்கு மசாலா, பலாக்காய்ப் பிரட்டல், எட்டு மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலைக் குழம்பு, இவையும் சனிக்கிழமையே வைத்துக்கொள்ளத் தோதானவை. சனிக்கிழமை விரதம் இருப்பவர் வீட்டில் இருந்தால் அவருக்கும் அதே சட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

வெளிநாட்டுக் குளிர்காலச் சமையல் படங்களைப் பார்த்து வெண்ணெயும் பாலாடையும் ஊற்றிய ஸ்டூவில் இறங்க வேண்டாம். கொடிமலைக் காற்று எவ்வளவு வீசினாலும் ஆயர் ஈத்தாமில் இரவுச் சூடு 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நம் குளிர் ஈரக்குளிர். அதற்கு மிளகும் இஞ்சியும் பூண்டும்தான் இதம். கறிக்குழம்போடு ஒரு மிளகு ரசம் வையுங்கள், அதில் எந்தச் சிக்கனமும் வேண்டாம்.

மாமியார் விஷயம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரைத்த மசாலாவின் மணம் வேறுதான். ஆனால் கறி கெட்டதற்குக் காரணம் தூள் இல்லை, வதக்கலும் தீயும்தான். இதை அவரிடம் வாதாடி நிரூபிக்க வேண்டாம். "அத்தை, இந்த வாரம் மசாலா நீங்கள் சொல்கிறபடி" என்று கேளுங்கள். மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, மிளகாய் எல்லாவற்றையும் அவர் பக்குவத்தில் வறுத்துக் கொடுக்கட்டும். நீங்கள் மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். லெபோ பாசார் மளிகைக் கடைகளில் முழுச் சாமான் தரமாகக் கிடைக்கிறது. ஒரு மாதத்துக்கு வறுத்து அரைத்து வைத்தால் வாரா வாரம் அந்த வேலை இல்லை. கைப்பக்குவம் அவர்களோடு நின்றுவிடாமல் வீட்டில் தங்குவது எவ்வளவு பெரிய சொத்து! அளவுகளை நீங்களோ பெரிய பிள்ளையோ எழுதி வையுங்கள். கைப்பிடி, சிட்டிகை என்று அவர் சொன்னால் தராசில் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

மீதி வேலையையும் பங்கு போட்டுவிடுங்கள். வெங்காயம் உரிப்பது பிள்ளைகள், கிளறுவதற்கு மாமனார், சட்டி கழுவுவது கணவர். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு எல்லாரும் உட்கார வேண்டும். தொலைபேசியை வேறு அறையில் வைக்கச் சொல்லுங்கள், அதைப் பற்றிப் பெரிய பேச்சு வேண்டாம். பரிமாறும் கரண்டி உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. எல்லாப் பாத்திரத்தையும் நடுவில் வைத்துவிட்டு நீங்களும் தட்டோடு உட்காருங்கள்.

மிச்சம் இருந்தால் திங்கள் காலை இடியாப்பத்துக்கோ தோசைக்கோ ஆகும். ஃபிரிட்ஜில் வைத்ததை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடு பண்ணுங்கள், ஒரே குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி உள்ளே வைக்க வேண்டாம்.