குறைந்த பட்ஜெட்டில் ஓவர்கிளாக்: பணத்தை எதில் போடுவது?
குறைந்த பட்ஜெட் கேமிங் பிசியில் ஓவர்கிளாக் செய்ய (அதாவது, பாகத்தை அதன் வழக்கமான வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்ட) எந்தெந்த பாகங்கள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஏஎம்டிக்குத்தான். இன்டெல் என்றால் பெயரில் 'கே' உள்ள ப்ராசஸரும், விலை கூடிய இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசஸருக்கு பி650 மதர்போர்டே போதும். ஏ620 போர்டு வேண்டாம், அதில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய வழியில்லை.

போர்டு வாங்கும்முன் ப்ராசஸர் பொருந்தும் சாக்கெட்டை ஒட்டியுள்ள விஆர்எம் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் என்ற வெப்பம் தணிக்கும் உலோகக் கட்டி இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். விஆர்எம் மொட்டையாக இருந்தால், லோடு ஏறியதும் சூடாகி ப்ராசஸர் வேகம் தானாகவே இறங்கிவிடும். ப்ராசஸரைக் குளிர்விக்க ஒற்றை டவர் ஏர் கூலர் போதும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

மிச்சப் பணம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்கு. பெரும்பாலான கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்கள் என்ற கணக்கு) கூடுவது அதனால்தான். அதையும் ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் செலவில்லாமல் ஓவர்கிளாக் செய்யலாம்.